நீமோவின் அப்பா அம்மாவான வகுப்பு

கார்ட்டூனையும் வீடியோ விளையாட்டையும் வைத்துப் பாடம் நடத்திய அனுபவத்தை மூவர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை:

இரண்டு வகை உயிரினங்கள் ஒன்றையொன்று ஒட்டி வாழ்வதை, 'கூட்டுயிர் வாழ்க்கை' என்று கரும்பலகையில் எழுதியவுடனே பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இந்த முறை 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் தொடக்கத்தை மட்டும் போட்டேன். தாய் மீன் இறந்துவிடுகிறது, மிஞ்சிய ஒரே குஞ்சை அப்பா வளர்க்கிறது. அங்கே நிறுத்தி, "உண்மையான கோமாளி மீனாக இருந்தால் அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டேன். ஆளுக்கொரு விடை சொன்னார்கள், ஒன்றும் சரியில்லை. கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியதுதான் பெண், அது இறந்தால் இணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறிவிடும் என்றதும் ஒரே அமளி. "அப்படியென்றால் நீமோவைத் தேடி அலைவது அம்மாவா, மிஸ்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த கேள்வியை அவர்களே கேட்டார்கள்: கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி மற்ற மீன்களைக் கொட்டுகிறதே, இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? உடலைப் போர்த்திய சளிப்படலத்தில் தொடங்கினேன். அன்றைய பாடத்தை நடத்தியது என்னவோ அவர்கள்தான்.

உயிரியல் ஆசிரியர்:

விதவிதமான உயிரினங்களைப் பிடித்துச் சண்டையிட வைக்கும் போக்கிமான் விளையாட்டோடு எனக்கு நெடுநாள் பகை. "போதிய சண்டை போட்ட உயிரினம் வேறொன்றாக மாறுவதே பரிணாமம்" என்று ஒரு விடைத்தாளில் படித்த நாளில் தொடங்கியது. அந்த மாணவனைத் திட்டிப் பயனில்லை, விளையாட்டு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பிறகு அதையே கையில் எடுத்தேன். அதில் கேட்டர்பி என்ற உயிரினம் மெட்டாபாடாகி, பிறகு பட்டர்ஃப்ரீயாகிறது. புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி. இது உருமாற்றம், ஒரே உயிரின் வாழ்நாளுக்குள் முடிந்துவிடும். பரிணாமத்துக்குத் தலைமுறைகள் வேண்டும். இவ்வளவு தெளிவாக எந்தப் படம் வரைந்தும் நான் விளக்கியதில்லை. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி சேகரித்தவர் என்றேன். அடுத்த வாரமே இரண்டு பேர் தீப்பெட்டியில் வண்டு கொண்டுவந்தார்கள். பார்த்ததும் விட்டுவிடச் சொன்னேன்.

சூழல் மன்றப் பொறுப்பாளர்:

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை நம்பி நான் ஏமாந்தேன். மகரந்தம் சுமக்கும் தேனீக்களைக் காட்டத்தான் திறந்தேன். ஒருவன் காட்டையே வெட்டி வீடு கட்டிவிட்டு, "கன்று நட்டால் உடனே வளர்ந்துவிடும் சார், எலும்புத்தூள் போட்டால் இன்னும் வேகம்" என்றான். பதில் சொல்லாமல் வெளியே அழைத்துப்போய், வெட்டுண்டு கிடந்த ஓர் அடிமரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணச் சொன்னேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறி, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை:

ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் தொடரை முயன்று பாருங்கள். அதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். அதில் வரும் ஒற்றைக்கண் பிளாங்டன் ஒரு கோப்பிபாட், அதாவது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த நுண்ணிய நீர்வாழ் உயிரி. குளத்து நீரிலும் அதன் உறவான சைக்ளாப்ஸ் உண்டு, அதற்கும் ஒரே கண்தான். நுண்ணோக்கியில் பார்த்த ஒரு சிறுமி "பிளாங்டன்!" என்று கத்தியதில் தட்டு கவிழ்ந்தது. மறுநாள் என் மேசைமேல் மூன்று பாட்டில் கலங்கல் தண்ணீர் இருந்தது.