குளிர்காலம் முழுக்க மூலையில் கிடந்த எம்டிபி (மவுண்டன் பைக்): ஓட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கணும்?

ஈரமண்:
அண்ணன் வேறு ஊருக்குப் போகும்போது விட்டுப்போன மவுண்டன் பைக் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. கடைசியாகச் சேற்றில் ஓட்டியவர்கள் கழுவாமல் அப்படியே கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், குளிர்காலம் முழுக்க யாரும் தொடவில்லை. 29 இஞ்ச் சக்கரம், டியூப்லெஸ் டயர், முன்னால் ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தில் அமுங்கும் சஸ்பென்ஷன்), பின்னால் சஸ்பென்ஷன் இல்லை, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின்பக்கம் 12 கியர்.

இப்போதைய நிலைமை: இரண்டு டயரிலும் காற்று இல்லை. செயின் முழுக்கச் செந்துரு. முன் பிரேக் லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடும் வரை போகிறது, பின் பிரேக் பரவாயில்லை. ஃபோர்க் கால்களில் காய்ந்த சேறு அப்பிக் கிடக்கிறது.

பஞ்சர் ஒட்டுவது, செயின் மாட்டுவது மாதிரி சாதாரண சைக்கிள் வேலை எனக்குத் தெரியும், இந்த மாதிரி வண்டியைத் தொட்டதில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று அடித்து, வார இறுதியில் காட்டுப் பாதையில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். போதுமா? எதை நானே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடணும்?

கரடுபாதை:
போதாது. நீங்கள் எழுதியதில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது செயின் துரு, ஆனால் அவசரமானது அந்த முன் பிரேக். செயின் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம், செங்குத்தான இறக்கத்தில் முன் பிரேக் கைவிட்டால் பின் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்துவது ஆபத்து.

முதலில் கழுவுங்கள். அழகுக்காக இல்லை, சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், சீலைத் தாண்டித் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். கழுவும்போதே ஃபிரேமை விரலால் தடவிப் பாருங்கள், ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றி, வெல்டிங் ஓரங்கள். பெயின்ட்டில் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அது கீறலா விரிசலா என்று நிச்சயமாகத் தெரியும் வரை ஏறாதீர்கள்.

அப்புறம் ஆட்டம் பார்க்கணும். முன் பிரேக் சரியாக இல்லாததால் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கில்) 'டக் டக்' என்று தட்டினால் லூஸ். பலபேர் நேராக மேல் மூடி போல்ட்டை முறுக்குவார்கள், ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் அதை எவ்வளவு முறுக்கினாலும் பலன் இல்லை. பக்க போல்ட்டைத் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, சக்கரத்தை நேர்ப்படுத்தி, பிறகு பக்க போல்ட்டை இறுக்கணும். எவ்வளவு இறுக்கம் என்பது ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். கிராங்க் கையை (பெடல் மாட்டியிருக்கும் தண்டை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், சக்கரத்தையும் அப்படியே.

பிரேக்: சக்கரத்தைக் கழற்றி பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையை) பாருங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் லீவரை அழுத்தக் கூடாது, அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். லீவர், ஹோஸ் இணைப்பு, காலிப்பர் (பேடைத் தாங்கும் பகுதி) மூன்று இடத்திலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் துடைத்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவு, நேராக மெக்கானிக்கிடம். எங்கும் ஈரம் இல்லை என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம். சக்கரத்தை மாட்டி, லீவர்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, லீவரை மெதுவாகப் பலமுறை அழுத்திவிட்டு, ஹேண்டில்பாரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு ஒரு இரவு விடுங்கள். சின்னக் குமிழிகள் மேலே ஏறி லீவரில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்குள் போய்விடும். காலையில் கெட்டியாக இருந்து நாலு அழுத்தலில் மறுபடி தொளதொளத்தால் பிளீட் செய்தே (எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றியே) ஆகணும்.

எந்த எண்ணெய் என்று லீவர் மூடியில் எழுதியிருக்கும், மினரல் ஆயிலா டாட் ஃப்ளூயிடா என்று. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு முழு பிரேக்கும் போய்விடும்.

செயின்ரிங்:
கரடுபாதை சொன்னதற்குமேல் செயின் பற்றி மட்டும் சொல்கிறேன். துருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து முடிவு செய்யுங்கள். மேலாகப் படிந்த துரு துணியாலும் எண்ணெயாலும் போய்விடும், இணைப்புகள் விறைத்து மடங்காமல் நின்றால் தூக்கிப் போடுங்கள். அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் இரும்பு ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 இஞ்சில் விழும். 1/16 இஞ்ச் தள்ளி விழுந்தால், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், செயின் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 12 கியர் வண்டியில் அந்த இடத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. 1/8 இஞ்ச் வரை போயிருந்தால் கேசட் (பின் சக்கரத்தின் கியர் பல்சக்கரத் தொகுதி) பல்லையும் தின்றிருக்கும், புதுச் செயின் போட்டாலும் வழுக்கும்.

இன்னொன்று, துரு இளக்கும் ஸ்பிரேயை வண்டி முழுக்க அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு துளி ரோட்டரில் (பிரேக் டிஸ்க்கில்) பட்டால்கூட பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் பிரேக் கத்துமே தவிர பிடிக்காது. துணியில் நனைத்துச் செயினைத் துடையுங்கள், கடைசியில் சைக்கிள் செயினுக்கான லூப் (மசகு எண்ணெய்) ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, சில நிமிஷம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடணும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே நிற்பது மண்ணைத்தான் சேர்க்கும்.

டியூப்லெஸ் பைத்தியம்:
டயரில் ஓட்டை என்று பயப்பட வேண்டாம். டியூப்லெஸ் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) சில மாதத்தில் காய்ந்துவிடும், சும்மா கிடந்தாலும் காயும். உள்ளே ரப்பர் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை உரித்து எடுங்கள். வால்வு கோரை (வால்வுக்குள் இருக்கும் சின்ன மூடியை) கழற்றிப் பாருங்கள், அதுவும் அடைத்திருக்கும். 29 இஞ்ச் டயருக்கு 90 முதல் 120 மில்லி சீலன்ட் ஊற்றி, கோர் இல்லாமலேயே வேகமாகக் காற்று அடித்தால் டயர் ஓரம் 'படார்' என்று ரிம்மில் உட்காரும். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்து உள்நூல் தெரிந்தால் சீலன்ட்டால் காப்பாற்ற முடியாது, புது டயர்தான்.

ஈரமண்:
எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறேன். செயின் ஸ்கேலில் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வருகிறது, புதுசு வாங்கப் போகிறேன். டயர் இரண்டும் உட்கார்ந்துவிட்டன, அந்தச் சத்தம் கேட்டதும் நிம்மதி. ஹெட்செட் ஆட்டமும் நின்றுவிட்டது. முன் பிரேக் காலையில் கெட்டியாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் பழையபடி. டிஷ்யூவில் காலிப்பர் பக்கம் ஈரம் தெரிகிறது, பேடும் பளபளவென்று இருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் விடுகிறேன். ஃபோர்க் மட்டும் மிச்சம்: சேற்றைத் துடைத்தால் வலது காலில் மெல்லிய கீறல் ஒன்று, அழுத்தினால் முதலில் ஒட்டிக்கொண்டு அப்புறம் நழுவுகிறது. என்ன செய்யலாம்?

கரடுபாதை:
கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் கவலை இல்லை. சிக்கினால் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும், பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது அதையும் காட்டுங்கள்.

ஒட்டிக்கொண்டு நழுவுவது சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையம் காய்ந்ததால் இருக்கும். வண்டியைத் தலைகீழாகச் சில மணி நேரம் நிறுத்தினால் அடியில் இருக்கும் எண்ணெய் அதில் ஊறும். ஆனால் இதை பிரேக் வேலைக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், தலைகீழாக நிறுத்தும்போது லீவர் தொட்டியில் காற்று இருந்தால் ஹோஸுக்குள் இறங்கிவிடும். இது தற்காலிக வழிதான். ராக்‌ஷாக்ஸ் மாதிரி கம்பெனிகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கின்றன, உங்கள் அண்ணன் கடைசியாக எப்போது செய்தார் என்று கேளுங்கள். அவருக்கே ஞாபகம் இல்லை என்றால் இப்போதே செய்துவிடுவது மேல். ஃபோர்க் காற்றையும் உங்கள் எடைக்கு ஏற்ப ஷாக் பம்பில் வையுங்கள், வண்டியில் ஏறி நின்றால் மொத்த நகர்வில் 15 முதல் 20 சதவீதம் அமுங்கணும்.

பளபளக்கும் பேடில் எண்ணெய் இறங்கியிருக்கும், அதைச் சுரண்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், கசிவைச் சரிசெய்ததும் புதுப் பேட் போடச் சொல்லுங்கள். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கணும். புதுப் பேட் முதல் அழுத்தலிலேயே பிடிக்காது. சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகம் வரை இறக்கி, மறுபடி வேகம் எடுத்து என்று ஒரு இருபது தடவை செய்தால் பிடி ஏறும். அது ஏறிய பிறகு காட்டுப் பாதைக்குப் போங்கள், போய் வந்ததும் ஸ்டெம், கிராங்க் போல்ட்டுகளை இன்னொரு முறை சாவி வைத்துப் பாருங்கள்.