இறுதியாண்டு மாணவர்களுக்கு ஈசிஜி: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

நைட்_டியூட்டி: பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். தினமும் ஒரு ஈசிஜி படம் போட்டு என்ன தெரிகிறது என்று கேட்பேன், இப்போதைக்கு வாட்ஸ்அப் குரூப்பில். 150 பேரில் பதில் சொல்வது அதே நாலு பேர், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். போன மாதம் போட்டதைத் தேடினால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மெஸ் புகாருக்கும் நடுவில் கிடக்கிறது. டெலிகிராமுக்கு மாறலாமா? இல்லை இன்ஸ்டாகிராம், எக்ஸ்?

சின்னக்கட்டம்: மாறிவிடுங்கள் சார். டெலிகிராமில் க்விஸ் வைத்தால் பெயர் தெரியாமல் பதில் சொல்லலாம், விளக்கமும் சேர்க்கலாம். வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்ச் எங்கள் சானலில் தினமும் விடை அழுத்துகிறது. நடுவில் சேருகிறவர்களும் பழைய படங்களைப் பார்க்கலாம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் சுருக்கிவிடும். ஈசிஜி தாளின் 1 மிமீ கட்டமே மங்கிப்போனபின் எஸ்டி (மாரடைப்பில் மேலேறக்கூடிய கோட்டுப் பகுதி) ஏறியிருக்கிறதா என்று கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? எதில் போட்டாலும் ஃபைலாகப் போடுங்கள்.

மைக்ரோபோர்: ஃபைலாகப் போட்டால் போனில் எடுத்த படத்தோடு எடுத்த நேரமும், லொகேஷன் ஆனில் இருந்தால் இடமும் கூடவே போகும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். அப்புறம் டெலிகிராம் குரூப், சானல் எதிலும் வாட்ஸ்அப் போல முழு மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத ஏற்பாடு) கிடையாது. எந்தச் செயலியாக இருந்தாலும் ஃபார்வர்டு ஆகத்தான் செய்யும். எங்கள் வார்டில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தோல் தடிப்புப் படம் போட்டார், ஓரத்தில் கேஸ் ஷீட், அதில் பெயர். இரண்டு நாளில் அது நோயாளியின் மருமகன் போனுக்கே வந்துவிட்டது. ஒப்புதல் வாங்குங்கள், பெயர்மேல் மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் படம் எடுங்கள். போனில் மார்க்கரால் கிறுக்குவதை நம்பாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் சில சமயம் அடியில் எழுத்து தெரியும்.

ஓபி_சீட்டு: எக்ஸ் நமக்கு, மாணவர்களுக்கு இல்லை. 2012-ல் டப்ளினில் ஃபோம் என்று பெயர் வைத்த இலவச மருத்துவக் கல்வி இயக்கம் எக்ஸில்தான் (அப்போது ட்விட்டர்) வளர்ந்தது, நான் கற்றதில் பாதி அந்த இழைகளில்தான். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே இல்லை. இன்ஸ்டாவில் இருக்கிறார்கள், அங்கே அடுத்த ரீல் காத்திருக்கிறது. இதய ஒலி, நடை மாதிரி அசைந்து காட்ட வேண்டியதற்கு யூடியூப்.

நைட்_டியூட்டி: சரி, டெலிகிராம் சானல்தான். அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப் இருக்கட்டும். மேலே பெயர் அச்சாகும் பட்டையை வெட்டிவிட்டே போடுகிறேன்.

சின்னக்கட்டம்: வெட்டும்போது ஓரத்தில் இருக்கும் 10 மிமீ கேலிபரேஷன் குறியையும் (அலையின் உயரத்தை அளக்க உதவும் அளவுகோல்) சேர்த்து வெட்டிவிடாதீர்கள் சார். நான் வெட்டிவிட்டு வோல்டேஜ் பற்றிக் கேள்வி கேட்டேன், ஒரு மாணவி எல்லார் முன்னாலும் "எதை வைத்து அளப்பது சார்?" என்றாள்.