தமிழில் பேசும் குழந்தை மனநல மருத்துவர் யாராவது தெரியுமா?

வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகனுக்கு 9 வயது, தமிழ் மீடியம் நான்காம் வகுப்பு. வாய்ப்பாடு கேட்டால் கடகடவெனச் சொல்வான். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் எழுந்து ஓடிவிடுவான். "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். நானும் அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் தாங்கவில்லை.

ஏடிஎச்டியாக (கவனக்குறைவு, மிகையான துறுதுறுப்பு) இருக்கலாம் என்கிறார் மருத்துவர். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் 6 மாதமாவது தொடர்ந்திருந்தால்தான் உறுதியாகச் சொல்வார்களாம். சிக்கல் மொழியில்தான். அவர் மலையாளத்தில் கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டான். மொழி புரியாத மௌனத்தையும் நோய்க்கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. டீச்சர் நிரப்ப வேண்டிய படிவமும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

பாலக்காட்டிலோ கோவையிலோ, தமிழில் பேசிப் பரிசோதிக்கும் மருத்துவர் அல்லது உளவியலாளர் தெரிந்தால் சொல்லுங்கள். 14416 டெலி மானஸில் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) தமிழில் பேசலாம். ஆனால் இவனை நேரில் பார்க்க ஆள் வேண்டும். படிவம் தமிழில் கிடைக்குமா?

அப்புறம், ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருந்தால், பசி குறைவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இவன் ஏற்கெனவே ஒல்லி.