புங்க இலையில நீர் அளவு 100 சதவீதத்தை தாண்டுது, உதவி வேணும்

வணக்கம். தஞ்சாவூர்ல எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்றேன், ரோட்டோர மரங்களோட காத்து மாசு தாங்கும் திறன், அதாவது ஏபிடிஐ. 1983ல சிங், ராவ் கொடுத்த பார்முலாதான், அஸ்கார்பிக் ஆசிட், குளோரோபில், இலைச்சாறு பிஎச், நீர் அளவு (பறிச்சப்ப இலைல இருந்த தண்ணி, முழுசா ஊறின இலைல இருக்கற தண்ணில எத்தனை சதவீதம்ங்கறது) நாலும் வேணும். முதல் மூணும் ஒழுங்கா வருது, நீர் அளவுலதான் மாட்டிக்கிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து புங்க இலைக்கு 104, 107னு வருது, திருவையாத்துல ஆத்தங்கரை புங்கனுக்கு 81, 84, அது சரியாதான் இருக்கு. மூணு வாரமா இதே கதை. காலைல 8 மணிக்குள்ள முத்தின இலையா பறிச்சு ஜிப்லாக் கவர்ல போட்டு ஐஸ் பாக்ஸ்ல கொண்டாந்து, வந்ததும் எடை போட்டு, ராத்திரி பூரா தண்ணில ஊறவச்சு ஒத்தி எடுத்து மறுபடி எடை, அப்புறம் ஓவன்ல 70 டிகிரி. தராசு மாத்தி பாத்தாச்சு, 24 மணி நேரம் ஊறவச்சும் பாத்தாச்சு, ஓவன்ல கூடுதலா ஒரு நாள் வச்சும் மாறல.

ரோட்டு இலைல தூசி அப்பிக் கிடக்கு, அறுப்பு சமயம் வேற. அந்த தூசி எடைதான் முதல் எடைல சேர்ந்து, ஊறும்போது கழுவிட்டு போயிடுதோன்னு சந்தேகம். முதல்லயே கழுவுனா இலை தண்ணி குடிச்சிடுமேன்னு பயம்.

இத செஞ்சவங்க சொல்லுங்க, முதல் எடை போடறதுக்கு முன்னாடி தூசிய எப்படி எடுக்கறீங்க?