ஐடி கட்டடத்துல லேப்: நீங்க பார்த்தது என்ன?

ஓஎம்ஆர்_டக்ட்
பெருங்குடி, அஞ்சாவது மாடி. ஃப்யூம் ஹூட் (கெமிக்கல் புகையை உறிஞ்சி வெளியேத்துற பெட்டி) வந்து இறங்கிடுச்சு, எக்ஸாஸ்ட் ஏத்த ஷாஃப்ட் இல்ல. "டாய்லெட் ஷாஃப்ட்ல விட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. அது இன்னும் உறுத்துது. ஹூட் வாயில காத்து விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்துல உள்ள போகணும். ஆறடி ஹூட்ல கண்ணாடியை 45 செ.மீ. தூக்கினாலே மணிக்கு 1,200 கன மீட்டர் கிட்ட வரும். அவ்வளவும் மொட்டைமாடிக்கு மேல போய்த்தான் ஆகணும், ஏசிக்குத் திரும்பக் கூடாது. ஆபீஸ் ஏசியோ உள்காத்தையே சுத்த விடுறது. இங்க போன காத்துக்கு ஈடா வெளிக்காத்து நம்ம ஊர் ஈரத்தோட வரும், ஏசி டன் கணக்கு எகிறிடும். ஸ்லாபுக்கு ஸ்லாப் 3.6 மீட்டர், அதுல பீம் 60 செ.மீ. காத்துக் குழாய், அதான் டக்ட், எங்க ஓடும்? 4.2 மீட்டருக்குக் குறைஞ்சா எடுக்காதீங்க.

சதுப்பு_ஓரம்
@ஓஎம்ஆர்_டக்ட் டக்டை வெளிச்சுவர்லயாவது ஏத்திடலாம் சார். மூழ்கின டிஜியை (டீசல் ஜெனரேட்டரை) என்ன செய்வீங்க? 2015 டிசம்பர் வெள்ளம், டிஜி பேஸ்மென்ட்ல. மைனஸ் 80 டிகிரில இருக்க வேண்டிய ஃப்ரீசர், டிஸ்ப்ளேல மைனஸ் 41. யாரும் திறந்துடக் கூடாதுன்னு கைப்பிடியில நைலான் கயிறு. 2023 மிக்ஜாம்லயும் பள்ளிக்கரணை சுத்தி தண்ணி நின்னுச்சு. முதல்ல டிஜி மேடை உயரத்தைக் கேளுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

டியூவர்_தரமணி
திரவ நைட்ரஜன் டியூவரோட (குளிர் காக்குற பெரிய ஃப்ளாஸ்க்) ஒரு பையனும் பாசஞ்சர் லிஃப்ட்ல ஏறினான். கதவு மூடிடுச்சு. அவ்வளவுதான், ஒண்ணும் ஆகல.

ஆனா இடம் தேடுறவங்க கேட்டுக்கோங்க. ஒரு லிட்டர் திரவம் ஆவியானா 700 லிட்டர் கிட்ட வாயு. நடுவுல லிஃப்ட் நின்னு டியூவர் கசிஞ்சா மூச்சு விட ஆக்சிஜன் இருக்காது. சர்வீஸ் லிஃப்ட் தனியா இருக்கணும். டியூவரை மட்டும் அனுப்பி, மேல ஒருத்தர் நின்னு வாங்கணும், நடு மாடிகள்ல யாரும் ஏறக் கூடாது. வைக்கிற ரூம்ல ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போனா கத்துற அலாரம் வேணும், அதுவும் கதவுக்கு வெளியில கேக்கணும்.

ஆட்டோகிளேவ் (நீராவியில கிருமி கொல்ற மெஷின்) வர்ற இடத்துல ஃப்ளோர் டிரெய்ன் இருக்கா பாருங்க. அங்க சாதா பிவிசி பைப் போட்டா சூட்டுல இளகி, ஜாயின்ட் விட்டுக் கீழ் மாடி சீலிங்ல ஒழுகும்; எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடச் சொல்லுங்க.

கழிவு ரூமை பிளான்லயே கேளுங்க. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ட்ரீட் பண்ணாத பயோடெக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. வண்டி ஞாயித்துக்கிழமை வராதுன்னா சனிக்கிழமை பையை எங்க பூட்டி வைப்பீங்க? படிக்கட்டுக்கு அடியில வைக்கிற கட்டடங்களைப் பார்த்தாச்சு. தரமணி டைசல் மாதிரி பயோடெக்குக்குன்னே கட்டின இடத்தை ஒரு நடை பார்த்துட்டு அப்புறம் ஐடி கட்டடத்துக்கு அட்வான்ஸ் குடுங்க.

ஓஎம்ஆர்_டக்ட்
@சதுப்பு_ஓரம் வெளிச்சுவர்ல ஏத்த ஓனர் எழுத்துல சம்மதிக்கணும். கண்ணாடி முகப்புன்னா சம்மதிக்க மாட்டாங்க. அக்ரிமென்ட்லயே போட்டு வாங்குங்க.