லாரிப் பட்டைவில்லில் செய்த பாராங் (மலாய் வெட்டுக்கத்தி) பாதிதான் கடினமானது, வளைந்தும் விட்டது: மீட்க வழி உண்டா?

கேள்வி (பட்டர்வொர்த்)
வணக்கம். பழைய லாரிப் பட்டைவில்லை (அதிர்வைத் தாங்கும் எஃகுப் பட்டையை) அடித்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பாராங் செய்து வருகிறேன். பாக்காவ் (கண்டல் மரம்) கரியில் சூடேற்றி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் கடினமாவதற்காக வெதுவெதுப்பான செம்பனை எண்ணெயில் தோய்த்தேன். ஆறிய பிறகு அரத்தால் உரசிப் பார்த்தால், முனைப்பக்கம் வழுக்குகிறது. பிடிப்பக்கத்துப் பாதியிலோ அரம் நன்றாகக் கடிக்கிறது, அதாவது அங்கே மென்மையாகவே இருக்கிறது. முனையும் இடப்புறமாக 4 மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. டெம்பரிங் (தோய்த்த எஃகு ஒடியாதிருக்க மிதமாகச் சூடேற்றுவது) இன்னும் செய்யவில்லை. இப்படியே மறுபடியும் தோய்க்கலாமா, வளைவை முதலில் நிமிர்த்த வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்)
தம்பி, இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். தோய்த்த எஃகு டெம்பரிங் இல்லாமல் கிடந்தால் உள்ளழுத்தத்தால் தானாகவே வெடிக்கக்கூடும். அந்த நிலையில் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் கண்ணாடி போல் ஒடியும். ஆகவே இன்றே ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வீட்டு ஓவனின் முள்ளை நம்பாமல், ஒரு தட்டில் மணல் பரப்பி அதில் புதைத்து வைத்தால் சூடு ஏறி இறங்காது.

டெம்பரிங்குக்கு முன்பே, அரம் கடிக்கும் இடத்தில் மேற்பரப்பை மெல்லியதாகத் தேய்த்து, அடியில் உள்ள எஃகை மறுபடியும் உரசிப் பாருங்கள். நெருப்பில் அதிக நேரம் இருந்த எஃகின் மேல்தோல் கரிமத்தை இழந்து மென்மையாகிவிடும். அடியில் அரம் வழுக்கினால் உங்கள் கத்தியில் குறையே இல்லை, வளைவை மட்டும் சரிசெய்தால் போதும்.

கேட்டவர்
ஐயா, அவ்வாறே தேய்த்துப் பார்த்தேன். அடியிலும் அரம் கடிக்கிறது. உடனே ஓவனிலும் வைத்துவிட்டேன்.

மறுமொழி (புக்கிட் மெர்தாஜாம்)
அப்படியானால் அந்தப் பாதி தேவையான சூட்டை எட்டவே இல்லை. கரி உலையில் சூடு குவியும் இடம் குறுகியது. 30 சென்டிமீட்டர் கத்தி முழுவதும் ஒரே நேரத்தில் அதற்குள் அடங்காது. மேலும், காந்தம் 770 டிகிரியிலேயே ஒட்டாமல் போகிறது. பட்டைவில்லுக்குப் பெரும்பாலும் பயன்படும் குரோமியம் கலந்த எஃகுக்கோ 830 டிகிரி அளவு வேண்டும். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும் என்பதால், கத்தியின் மேல் சிறிது தூவி, அது உருகிய பின் நிறம் இன்னும் சற்று வெளுக்கும் வரை காத்திருப்பது காந்தத்தைவிட நம்பகமான வழி. தடித்த இரும்புக் குழாயைக் கரிக்குள் படுக்க வைத்து, அதனுள் கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திச் சூடேற்றினால் நீளம் முழுவதும் ஒரே நிறம் வரும். வெயிலில் நிறம் தெரியாது. அந்தி வேளையில் செய்யுங்கள்.

மறுபடியும் தோய்ப்பதற்கு முன், விரிசல் உள்ளதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் ஈரக்கோடு தெரியும். கோடு தெரிந்தால் மேற்கொண்டு உழைப்பது வீண். அந்த இடத்துக்கு முன்பாக வெட்டிச் சிறு கத்தியாக்கிக் கொள்ளலாம்.

விரிசல் இல்லையெனில், கத்தியை மூன்று முறை சிவக்கக் காய்ச்சி, ஒவ்வொரு முறையும் காற்று வீசாத நிழலில் கறுக்கும் வரை ஆறவிடுங்கள். முதல் முறை தோய்க்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாகவும், அடுத்தடுத்த முறைகளில் படிப்படியாகக் குறைவாகவும் காய்ச்ச வேண்டும். எஃகினுள் பருத்துப்போன மணிகள் (நுண்படிகங்கள்) சிறுக்கும். முந்தைய தோய்ப்பின் அழுத்தமும் நீங்கும். இதைச் செய்யாமல் கடினப்பட்ட கத்தியை நேராக மறுபடியும் தோய்ப்பதுதான் விரிசலுக்குப் பெரிய காரணம். வளைவையும் கத்தி சிவந்திருக்கும்போதே மரக்கட்டையின் மேல் நிமிர்த்திவிடலாம். தோய்க்கும்போது கத்தியைச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் திரும்பவும் வளையும்.

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்)
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாராங்குக்குப் பிடியை ஒட்டிய சில சென்டிமீட்டர் மென்மையாக இருப்பது நல்லதே. தேங்காயை வெட்டும்போது அதிர்வைத் தாங்குவது அந்தப் பகுதிதான். அதனால் பிடியின் கடைசி வரை சூடேற்ற வேண்டியதில்லை. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது.