நுவரெலியாவில் இரவு கார்ப் பந்தயம்: லைட் போட்டால் மட்டும் போதுமா?

தலவாக்கலை_சக்கரம் கேட்டது:

ஏப்ரல் சீசன் வந்தாலே மலையேற்றப் பந்தயத்தை இரவில் நடத்தலாமே என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. சிங்கப்பூர் 2008இல் ஃபோர்மியுலா 1 பந்தயத்தை இரவில் நடத்திக் காட்டியது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபோர்மியுலா 4 கார்களும் இரவில் ஓடின. இங்கே பகலில் சீசன் நெரிசல், பின்னேரம் மழை. இரவில் வீதி காலியாக இருக்கும் என்பதுதான் ஆதரிப்பவர்களின் வாதம். மலையேற்றப் பந்தயம் நடக்கிற மஹகஸ்தோட்ட மாதிரி ஒடுங்கிய, வளைவு நிறைந்த வீதிக்கு எத்தனை லைட் வேண்டும்? ஜெனரேட்டர் எவ்வளவு? எது பிழையாகப் போகும்? "ஆபத்து" என்று ஒரு சொல்லில் முடிக்காமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

பதுளை_வயர்மேன்:

முதலில் கணக்கு. வீதி அகலம் 6 மீற்றர், இரு பக்கமும் 2 மீற்றர் ஓரம். ஒரு கிலோமீற்றருக்கு 10,000 சதுர மீற்றர் வருகிறது. ஓட்டுபவருக்கும், ஓடுபாதையோரம் நின்று கொடி காட்டும் மார்ஷல்களுக்கும் தெளிவாகத் தெரிய 300 லக்ஸ் (ஒரு சதுர மீற்றரில் 300 லூமன் ஒளி) என்று வைப்போம். அப்படியானால் நிலத்தில் 30 இலட்சம் லூமன் விழ வேண்டும். லைட்டிலிருந்து புறப்படுவதில் 40 சதவீதம்தான் வீதியில் விழும், கண்ணாடி அழுக்குக்கு இன்னும் 20 சதவீதம் கழியும். ஆக, தேவை ஏறக்குறைய 94 இலட்சம் லூமன். 500 வாட் எல்ஈடி ஒன்று 65,000 லூமன் தந்தால் கிலோமீற்றருக்கு 144 லைட், 72 கிலோவாட். சிங்கப்பூரில் போடுவது ஏறக்குறைய 3,000 லக்ஸ், தொலைக்காட்சிக்காக. அதே அளவை இங்கே கேட்டால் எல்லாம் பத்து மடங்கு.

72 கிலோவாட்டுக்கு 90 கேவிஏ (ஜெனரேட்டரின் அளவு) போதும் என்று எழுதிவிடாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் வலு இழக்கும். 100 கேவிஏ என்று தகட்டில் இருப்பது மேலே வந்தால் 80தான். 70 கேவிஏ செட் மூன்று எடுங்கள். ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் சுமையைத் தாங்கும்.

வயர் இழுக்கும் முறைதான் இதைவிட முக்கியம். ஒரு வளைவு முழுவதையும் ஒரே ஜெனரேட்டரில் கொடுக்கக்கூடாது. போஸ்ட் 1, 3, 5 ஒரு செட்டில். 2, 4, 6 அடுத்த செட்டில். ஒன்று விழுந்தாலும் பாதி வெளிச்சம் மிஞ்சும், ஓடிக்கொண்டிருக்கும் கார் நிற்க இடம் தெரியும். பழைய மெட்டல் ஹேலைட் லைட்டுகளை வாடகைக்கு மலிவு என்று எடுக்கவே வேண்டாம். ஒரு நொடி கரண்ட் போனால் குழாய் ஆறி மறுபடி பிடிக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பாறை நிலத்தில் எர்த் கம்பி சரியாக இறங்காது. எர்த் அளந்து பார்க்காமல், ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் மழையில் இரும்புப் போஸ்ட்டுக்குக் கரண்ட் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

நானுஓயா_பனி:

வயர்மேன் அண்ணே சொன்ன கணக்கு சரி. ஆனால் அது பனிமூட்டம் இல்லாத இரவுக்கு. சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே மூட்டம் வீதியில் இறங்கி நிற்பதில்லை. இங்கே பின்னேர மழை விட்டதும் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறும். மேலேயிருந்து அடிக்கிற வெளிச்சம் அந்த நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வரும். நானுஓயா வளைவில் ஹை பீம் போட்டவர்களுக்கு இது தெரியும்: லைட்டைக் கூட்டக் கூட்டப் பார்வை குறையும். மஞ்சள் லைட் ஊடுருவும் என்பது சரியில்லை. மூட்டத்தின் துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எந்த நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறும்.

லைட்டைத் தாழ்த்தினால் மூட்டத்தில் சிதறுவது குறையும். ஆனால் அது நேரே கண்ணில் அடிக்கும். மலை வீதியில் இதற்கு நல்ல தீர்வு கிடையாது. கொண்டை ஊசி வளைவில் மேல் வீதியிலிருந்து கீழ் வீதிக்குத் திருப்பிய லைட், ஏறி வருகிற காருக்கு நேர் எதிராக நிற்கும். சமதரையில் ஓடுகிற திசைக்குப் பக்கவாட்டில் வைத்துத் தப்பலாம். இங்கே ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம். போஸ்ட் வைக்க இடமிருப்பது வளைவின் வெளிப்பக்கம். கார் வழுக்கினால் போய் மோதுவதும் அங்கேதான்.

ஈரமும் உண்டு. வானம் வெளித்த இரவில் தார் குளிர்ந்து பனித்தண்ணீர் படியும். நனைந்த தாரில் லைட் பளபளத்தால் எது ஈரம், எது காய்ந்தது என்று பிரிக்க முடியாது. பாலைவனத்திலுள்ள கட்டார் லொசைலில்கூட 2009இல் மழை வந்ததும் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் இரவுப் பந்தயத்தை அடுத்த நாளுக்குத் தள்ளினார்கள்.

கொடி_மார்ஷல்:

ஓட்டுபவர் தெரிந்தே ஆபத்தை ஏற்கிறார். பார்க்க வருகிறவர் ஏற்கவில்லை. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 பட்டப்பகலில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டுப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். பகலில் காவல் போட முடியாத இடத்தில் இரவில் எப்படிப் போடுவது? லைட் வீதிக்குத்தான். தேயிலை மலைக்குள் இருட்டில் ஏறி நிற்கும் ஆட்களை மார்ஷல் காணவே மாட்டார்.

கொடி இரவில் பயன்படாது. மார்ஷல் நிற்கும் ஒவ்வொரு நிலையிலும் சிவப்பு லைட் வேண்டும், எல்லாம் ஒரே சுவிட்சில் எரிய வேண்டும், அதற்குத் தனி பற்றரி. பள்ளங்களில் வோக்கி டோக்கி எடுக்காது. முதல் நாளே நிலைக்கு நிலை நடந்து பேசிப் பார்த்து, எடுக்காத இடத்துக்கு மேட்டில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வையுங்கள். அடுத்த நிலையின் சிவப்பு லைட் மூட்டத்தில் மறைந்தால் பந்தயம் அந்த நொடியே நிற்க வேண்டும். ஓடுபாதையைக் குறுக்கிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக அம்புலன்சுக்கு இன்னொரு வழி இல்லையென்றால் தொடங்கவே கூடாது.

லயத்துப்_பிள்ளை:

"இரவில் வீதி காலி" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குக் காலி? தோட்டத்துக்குப் போகிற பாதை அதே வீதிதான். கடைசி பஸ்சில் டவுனிலிருந்து வருகிறவர்கள், பிரசவ வலி எடுத்தவளை லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர்கள், எல்லாருக்கும் அதுதான் வழி. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசைக்கு) நிற்க வேண்டியவர்களின் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில். மெல்லிய சுவர், தகரக்கூரை. சைலன்சர் இல்லாத எஞ்சின் சத்தம் அப்படியே உள்ளே வரும். இரவில் மரையும் காட்டுப்பன்றியும் வீதியைக் கடக்கும், சிறுத்தையும் வரும். வெளிச்சத்தில் மிரண்டு ஓடுகிற மரை எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்து ஆட்களிடம் கேட்காமல் திகதி குறிக்காதீர்கள்.

தலவாக்கலை_சக்கரம்:

நன்றி. அப்படியானால் மலை வீதி வேண்டாம், கிரகரி வாவிப் பக்கம் சமதரையில் குறுகிய ஓடுபாதை போட்டால்?

பதுளை_வயர்மேன்:

அதுதான் பேசக்கூடிய யோசனை. போஸ்ட்டை ஓடுபாதையிலிருந்து தள்ளி வைக்கலாம், லைட்டைப் பக்கவாட்டில் திருப்பலாம், ஆட்களை ஒரே பக்கம் வேலிக்குப் பின்னால் நிறுத்தலாம். ஆனால் வாவியோரத்திலும் மூட்டம் இறங்கும். பணம் கட்டும் முன் நான்கு லைட் டவர்களை வாடகைக்கு எடுத்து, ஏப்ரலில் மழை பெய்த இரவில் ஏற்றிப் பாருங்கள். 5 மீற்றருக்கு ஒரு புள்ளி குறித்து லக்ஸ் மீற்றரால் அளவு எடுங்கள். மிகக் குறைந்த அளவு சராசரியின் பாதிக்குக் கீழே போனால் போஸ்ட் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பிறகு காரில், ஓட்டுபவரின் கண் உயரத்தில் உட்கார்ந்து, இரு திசையிலும் மெதுவாகப் போய்க் கண் கூசும் லைட்டுகளைக் குறித்து வைத்துத் திருப்புங்கள். மழை இரவில் தேறாவிட்டால் பந்தயத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கு முன் முடிப்பதுதான் சரி.